சாந்தோம் பேராலயத்துக்கு 1896 என்ற வருஷமே போதும்

சென்னை சாந்தோம் பேராலயத்தின் படத்தைப் போட்டு 'போர்ச்சுகீசியர் கட்டிய 500 வருடப் பழைய தேவாலயம்' என்று எழுதி எழுதியே பகிர்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். போர்ச்சுகீசியர் 1520களில், இயேசுவின் நேரடிச் சீடர்களான அப்போஸ்தலர்களில் ஒருவரான தோமையாரின் கல்லறை மேல் ஒரு கோயில் கட்டினார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கோயில் இப்போது இல்லை. அதை எடுத்துவிட்டு 1893இல் புதிதாகத் தொடங்கி 1896 ஏப்ரல் 1 அன்று அர்ச்சித்த கட்டடம்தான் இன்று நாம் பார்ப்பது.

சரி, அப்படியென்றால் ஆங்கிலேயர் கட்டியதா? அதுவும் பாதிதான் சரி. மெட்ராஸ் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், நிர்வாகப் பகுதி) போர்ச்சுகல் மன்னரின் ஆதரவில் இருந்தது, கோயிலைத் திரும்பக் கட்டிய ஆயர் ஹென்றிக் ரீட் த சில்வாவும் போர்ச்சுகீசியர். அவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் கேப்டன் பவர் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1834இல் தீக்கிரையான லண்டன் நாடாளுமன்றத்தையே கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியில் எழுப்பிய நூற்றாண்டு அது, அந்த மோகம்தான் இங்கேயும் வந்து சேர்ந்தது. போர்ச்சுகீசிய ஆயர், ஆங்கிலேயப் பொறியாளர், மயிலாப்பூர்க் கடற்கரை! இந்தக் கதையை விட்டுவிட்டு ஏன் 500 வருஷத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

கட்டடத்தைப் பாருங்கள். கூர்முனை வளைவு, உயர்ந்த கோபுரம், வண்ணக் கண்ணாடி என்று கோதிக்கின் லட்சணங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஐரோப்பாவின் கருத்த கல் சுவர்கள் கிடையாது, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை. பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் வண்ணக் கண்ணாடியில் தோமையார் உயிர்த்த இயேசுவின் முன்னால் நிற்கிறார், அவர் உயிர்த்ததை முதலில் சந்தேகப்பட்டவர் 'நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!' என்று சொல்லும் அந்த நேரம். காலையில் கிழக்கு வெளிச்சம் உள்ளே வரும்போது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாரும் படமெடுப்பது 155 அடி உயர முன்கோபுரத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கிற சின்னக் கோபுரம். கல்லறை இருக்கும் இடத்துக்கு அடையாளமாக வைத்தது அது. கீழே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கூரைக்கு மேலே சொல்லியிருக்கிறார்கள், இதைவிட அழகான யோசனை அந்தக் கட்டடத்தில் வேறில்லை என்பேன்.

அப்புறம், 'அப்போஸ்தலர் கல்லறை மேல் கட்டிய கோயில் உலகத்தில் மூன்றே மூன்று' என்ற பெருமை. சாந்தோமை விட்டால் பேதுருவின் ரோமும் யாக்கோபின் சந்தியாகோவும் (ஸ்பெயின்) மட்டும்தானா? இத்தாலியில் சலேர்னோவில் மத்தேயு, அமல்ஃபியில் அந்திரேயா என்று அந்தந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுகளாக வணங்கி வருகிறார்கள். தோமையாரின் எலும்புகளே அதே இத்தாலியில் ஒர்த்தோனாவில் இருப்பதாக ஒரு மரபு உண்டு. இதையெல்லாம் சொல்வதால் சாந்தோமுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதும்போதே, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வருவதாகச் சொல்கிறார். போர்ச்சுகீசியர் வருவதற்கு 200 வருஷத்துக்கு முன்னாலேயே! வளாகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அந்த இடத்தின் இன்னொரு பழைய கதையைச் சொல்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

இடம் பழையது, கட்டடம் புதியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அந்த ஆயரும் பொறியாளரும், பெயர் தெரியாத நம்மூர்க் கொத்தனார்களும் தச்சர்களும் செய்த வேலை காணாமல் போய்விடுகிறது. என் ஆதங்கமே அதுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று: கல்லறைக்குக் கோயிலுக்குள் வழி தேடாதீர்கள். பூசைக்கு இடைஞ்சல் வராதபடி பின்பக்கமாகத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து படி இறங்க வேண்டும்.