மலைக்கு வரும் நாய்களுக்காக

வேலைத்தளத்துக்கு நாயை அழைத்து வருவது என்றதும் நம்மவர்கள் பலர் அதைக் கொழும்புக் கணினி நிறுவனங்களின் சொகுசு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். மலையகத்தில் அப்படி நாள் குறிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும் பெண்களின் பின்னால் நாய்கள் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன. தேயிலை மலை எங்கள் மக்களின் வேலைத்தளம். நாய் எப்போதோ அங்கே வந்து சேர்ந்துவிட்டது. வந்த நாயைத் தோட்ட நிர்வாகங்கள் எப்படி நடத்துகின்றன என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

மழைக்காலத்தில் ஒரு காலைப் பொழுது கொழுந்து மலையின் ஓரத்தில் நின்று பாருங்கள். நாய் நிரைக்குள் நுழையாது. ரொட்டிப் பொட்டலமும் தேநீர்ப் போத்தலும் வைத்த பைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மழை வலுத்தால் தேயிலைத் தூருக்கு அடியில் ஒடுங்கும். கூடைக்காரி மேலே நகர்ந்தால் எழுந்து உடம்பை உதறிவிட்டு, அவர் கண்ணில் படுகிற இன்னோர் இடம் பார்த்துப் படுக்கும். தேநீருக்கு உட்காரும்போது ரொட்டியில் ஒரு துண்டு அதற்கும் உண்டு. நாயின் விரல்களுக்கு இடையில் ஏறிய அட்டையை ஓர் அம்மா உப்புத்துணி வைத்து எடுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தன் காலில் தேய்த்துக்கொள்ள முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பு அது. புதருக்குள் பன்றியோ பாம்போ இருந்தால் முதலில் குரல் கொடுப்பதும் இந்த நாய்கள்தான்.

வீட்டில் கட்டிவிட்டு வரலாமே என்று கேட்கிறவர்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்து பார்க்காதவர்கள். ஒரே காம்பரா, பக்கத்து வீட்டோடு சேர்ந்த வாசல். விடிகாலையில் போனவர் மாலையில்தான் திரும்புவார். அதுவரை குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைத்துக் குரைத்து எரிச்சல் பிடித்த நாயாக மாறும். பிறகு அது கடித்தால் குற்றம் நாயின் தலையில். பொழுது சாய்ந்த பிறகும் அதே சங்கிலியில் வெளியே கிடந்தால் சிறுத்தைக்கு அதைவிட எளிய இரை வேறில்லை. லயத்துக்குச் சிறுத்தை வந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், அது எதைத் தேடி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் முன்பு கணக்கு எழுதிய ஒரு தோட்டத்தில் முகாமையாளரான துரையின் லாப்ரடோர் நாய் ஜீப்பின் முன் ஆசனத்தில் வந்து இறங்கும். அலுவலகத்தில் அவருடைய மேசைக்கு அடியில் அதற்கு ஒரு விரிப்பும் தண்ணீர்க் கிண்ணமும் இருந்தன. அருமையான நாய், எனக்கு அதன்மேல் மிகுந்த பிரியம். அதே அலுவலக வாசலுக்கு ஒருநாள் வேலை செய்த நாளுக்குத் தன் பேர் பதிவில் விடுபட்டதைக் கேட்க ஓர் அம்மா வந்தார். அவர் பின்னாலேயே வந்த செவலை நாயை, படியில் கால் வைக்கும் முன்பே வாச்சர் கல்லால் அடித்து விரட்டினார். அந்த அம்மா வாய் திறக்கவில்லை. கேட்க வந்ததைக்கூட முழுதாகக் கேட்காமல் நாயைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தக் கல் அவர் மேலும் பட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். துரையின் நாய்க்கு விரிப்புப் போடும் நிர்வாகத்துக்கு, தொழிலாளியின் நாய்க்கு ஓர் ஓலைக் கூரை போட்டுக்கொடுப்பதில் என்ன செலவு வந்துவிடப் போகிறது?

இதில் மனிதரின் உயிரும் அடங்கியிருக்கிறது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு அந்த நோய் வருவதில் 99 சதவீதம் வரை நாய்களால்தான். ஓர் ஊரிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையில் இந்த ஊசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதையும் 2006இல் நிறுத்திவிட்டது. ஆகவே ஊசியும் கருத்தடையும்தான் நமக்குள்ள வழி.

ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்த முகாம்கள் எப்படி நடக்கின்றன? வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில். அந்நேரம் நாயும் நாயை வளர்ப்பவரும் மலை உச்சியில் இருப்பார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். யார் வருவார்? மேசை போட்டுக் காத்திருந்த ஊழியர்கள் மீதி மருந்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். பிறகு, தோட்ட மக்களுக்கு அக்கறை போதாது என்று பேச்சு வருகிறது. அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மதிய நிறுவைக்கு எல்லோரும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்தே ஆக வேண்டும். நாய்களும் கூடவே வருகின்றன. ஊசி போட அதைவிடத் தோதான இடம் இந்த மலைநாட்டில் எனக்குத் தெரியவில்லை. நாயை மலைக்கு வரவிடாதே என்று கங்காணியை ஏவுகிற நிர்வாகம் இந்த வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறது. வரட்டும் என்று ஏற்றுக்கொண்டால், எந்த நாய் யாருடையது, எதற்கு ஊசி போட்டாயிற்று, எது குட்டி போடும் நிலையில் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகமும் நம் மலைநாட்டில், பேராதனையில்தான் இருக்கிறது. கருத்தடை முகாமுக்கு உதவி கேட்டுத் தோட்டங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவது அத்தனை கடினமா?

எல்லா இடத்துக்கும் நாய் வரலாம் என்று நான் சொல்லவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் அது கால் வைக்கக் கூடாது. அங்கே உருவாவது மனிதர் குடிக்கிற பொருள். பிள்ளைக் காம்பராவும் அப்படியே. களைநாசினி தெளித்த மலையில், பாதத்தில் ஒட்டியதை நாய் நக்கிவிடும். அன்றைக்கு அதை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதே அதற்கு நல்லது. சிறுவயதில் கடி வாங்கி, நாய் என்றாலே உடம்பு நடுங்குகிறவர்களும் நம்மோடு நிரையில் நிற்கிறார்கள். அவர்களைக் கேலி செய்கிறவரை என்னால் சகிக்க முடியாது. நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவித் துப்புரவாக்க வேண்டும் என்பது முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கக் கடமை. அவர்கள் உட்காரும், உண்ணும், தொழும் இடத்துக்கு நாய் போகாமல் பார்ப்பது நாய் வளர்ப்பவரின் பொறுப்பு.

இது முடியாத காரியமல்ல. இப்போது நான் வேலை செய்யும் ஹட்டன் அலுவலகத்தில் ஒரு தம்பி தன் நாயை அழைத்து வருகிறார். முதலில் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். கூட்டத்தில் கேட்டால் பயப்படுகிறவர் வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுவார். ஓர் அக்கா தனக்குப் பயம் என்றார். அவருடைய மேசைப் பக்கம் நாய் போகாதபடி ஒரு மூலையை ஒதுக்கினோம். தடுப்பூசி அட்டையின் பிரதி கோப்பில் இருக்கிறது. உண்ணி பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. மழையில் நனைந்து வந்தால் துடைக்கப் பழைய சாக்கு இருக்கிறது. அசுத்தம் செய்தால் தம்பிதான் அள்ள வேண்டும். வேலைக்கார அம்மாவிடம் அதைச் சொல்லவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த அக்கா இன்னும் நாயைத் தொடுவதில்லை, தொட வேண்டியதும் இல்லை. ஆனாலும் காலையில் அது வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்.

தொழிற்சங்கத்து அண்ணன்மாரிடமும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சம்பளப் பேச்சோடு இதை ஒப்பிட்டு ஒதுக்கிவிடாதீர்கள். மடுவத்தின் ஒரு பக்கத்தில் கூரையோடு ஓர் இடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கேளுங்கள். கடிபட்டால் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவக் குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் அங்கேயே இருக்கட்டும். மிளகாயும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் கிடக்காமல், கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வேண்டும். அடுத்த முகாமுக்குத் திகதி குறிக்கும்போது, பொதுச் சுகாதார பரிசோதகரை மதிய நிறுவை நேரத்துக்கு மடுவத்துக்கே வரச் சொல்லுங்கள். ஊசி போட்டு முடியும்வரை அரைமணி நேரம், யாருடைய பேரையும் வெட்டாமல்.