விதியைப் படி என்றீர்கள், படித்துவிட்டேன்

"விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று என்னை விரட்டிய புனைபெயர்க்காரர்களே, படித்துவிட்டேன். தலைப்பை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் விளக்கம், விதிவிலக்கு, அடிக்குறிப்பு வரைக்கும் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் கோபம் இன்னும் கூடியிருக்கிறது.

விசயம் இதுதான். எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் கொழும்பு ஆடிவேல் விழா பற்றி ஒரு பந்தி சேர்த்தேன். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் புறப்பட்டு, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வருகிற கதை. ஆங்கிலேயர் காலத்தில் வாந்திபேதிக்குப் பயந்து கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, நகரத்தார் கொழும்பிலேயே விழா எடுத்த கதை. வீதியோரம் கரும்பை அடுக்கி வைத்து விற்ற கதை. வெள்ளவத்தையில் வயதானவர் யாரைக் கேட்டாலும் நின்று சொல்லுவார். ஆனால் 'யாரைக் கேட்டாலும்' என்பது சான்று ஆகாது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கும்பாபிஷேக மலரைத் தேடிப் பிடித்து, கட்டுரையாளர் பெயர், வெளியான ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுச் சேமித்தேன்.

ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கவில்லை, பந்தியைக் காணோம். காரணம்: "இணைப்பு இல்லை. நம்பகமான மூலம் அல்ல." அவ்வளவுதான். மற்றவர்கள் எனக்குச் செய்தி விடுகிற என் பேச்சுப் பக்கத்தில் ஓர் ஆயத்த வார்ப்புரு, அதாவது முன்பே எழுதி வைத்த செய்திப் பெட்டி, வந்து விழுந்திருந்தது. வரவேற்பும் எச்சரிக்கையும் ஒரே பெட்டிக்குள். வாங்கோ என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிற இந்தக் கலையை எங்கே படித்தீர்கள்?

சரி, விதிக்கு வருவோம். விக்கிப்பீடியாவின் மெய்யறிதன்மைக் கொள்கை கேட்பது என்ன? எழுதிய தகவல் ஏற்கெனவே எங்காவது நம்பத்தகுந்த முறையில் வெளியாகியிருக்க வேண்டும், வேண்டுமென்றால் இன்னொருவர் அதைப் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த 'எங்காவது' இணையமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. ஆங்கிலப் பதிப்பின் கொள்கைப் பக்கம் தலைகீழாகவே சொல்கிறது: ஒரு நல்ல மூலம் கைக்கு எட்டுவது கஷ்டம், பார்க்கக் காசு செலவாகும் என்பதற்காக அதை ஒதுக்காதே என்று. அச்சு நூல் போதும். நூலகத்துக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டிய பழைய பத்திரிகை போதும். என்னை விதி படிக்கச் சொன்னவருக்கு இது தெரியாதா, அல்லது புதியவனுக்குத் தெரியாது என்ற துணிச்சலா?

அப்புறம் இந்த 'சுயாதீனமான மூலம்' என்ற பேச்சு. கோயில் மலர் கோயிலே வெளியிட்டது, ஆகவே செல்லாது என்றார்கள். கோயில் தன்னைப் பற்றித் தானே பெருமையடித்தால் அதைச் சான்றாக எடுக்கக் கூடாது என்பது நியாயம். "ஆசியாவிலேயே அற்புதமான தேர்" என்று மலரில் இருந்ததை நானும் எழுதவில்லையே! தேர் எந்த வீதியால் போனது என்று எழுதினேன். சர்ச்சையில்லாத இப்படிச் சாதாரண விபரத்துக்கு ஒரு நிறுவனத்தின் சொந்த வெளியீட்டை அளவோடு எடுத்துக்கொள்ளலாம் என்று அதே விதிகளில் இடமிருக்கிறது. அது கொஞ்சம் கீழே இருக்கிறது. கீழே வரை இறங்கிப் படிக்க வேண்டும்.

இந்த மலர் விவகாரத்தை நான் இலேசில் விடமாட்டேன். இலங்கைத் தமிழருடைய உள்ளூர் வரலாறு எங்கே இருக்கிறது என்று இவர்கள் நினைக்கிறார்கள்? பல்கலைக்கழக அச்சகங்களிலா? எங்கள் வரலாறு மலரில் இருக்கிறது. பாடசாலை நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டு மலர், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில், அந்த ஊரில் முதல் அச்சகம் வைத்தவர் யார், எந்தக் கட்டடத்தை யார் கட்டிக் கொடுத்தார் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பத்துப் பக்கம் எழுதியிருப்பார். வேறெங்கும் அது கிடையாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எத்தனை வீடுகள், கடைகள் எரிந்தன? அந்த வீடுகளில் அல்பங்களும் கடிதங்களும் பழைய மலர்களும் இருக்கவில்லையா? மிஞ்சியதை வைத்துக்கொண்டு எழுத வருகிறவனிடம், ஒரு தட்டுத் தட்டினால் திறக்கிற இணைப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறீர்கள்.

அதுவும் இணைப்பே வேண்டுமென்றால் வழி இல்லாமலா போய்விட்டது? 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. அங்கே ஒருதரம் தேடிப் பாருங்கள் என்று அந்த வார்ப்புருவில் ஒரு வரி சேர்த்தால் யாருக்கு என்ன நட்டம்? அதை எனக்குச் சொன்னது, எங்கள் ஒழுங்கை முனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணன். விதி சொல்லிக் கொடுக்க வந்தவர் சொல்லவில்லை.

வெளியே ஆதாரம் தேடுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். பழைய பத்திரிகைத் தொகுப்பு பார்க்கலாம் என்று ஒரு நூலகத்துக்குப் போனால், கடிதம் கொண்டு வா என்றார்கள். கடிதத்தோடு போனால் அந்தத் தொகுப்புக் கட்டுவதற்குப் போயிருக்கிறது என்றார்கள். எப்போது வரும் என்றால், கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ அவருடைய சீதனக் காணி உறுதியைக் கேட்டுவிட்டேன் போல. படம் எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள் என்றார் இன்னொரு இடத்தில் ஒரு அம்மா. நூறாம் நம்பர் பஸ்ஸில் நசுங்கிப் போய், கையால் எழுதிக்கொண்டு வந்து போட்டால், இங்கே ஒருவர் கட்டிலில் படுத்தபடி போனில் 'மீளமை' என்று தட்டி, நான் எழுதியதை இல்லாமல் செய்கிறார்.

சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பாதி அலுவலகமும் அச்சுக்கடையும் இன்றைக்கும் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு. அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக வரும், உடனே 'விசமத் தொகுப்பு', வேண்டுமென்றே பக்கத்தைக் கெடுத்தேன் என்று பட்டம். பேச்சுப் பக்கத்தில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பம் இட வேண்டுமாம், அந்தக் குறி தமிழ் விசைப்பலகையில் எந்தப் பொந்துக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கைபேசி டேட்டாவில் போனால் சிலவேளை உங்கள் ஐபி முகவரி தடுக்கப்பட்டுள்ளது என்று வரும். யாரோ முகம் தெரியாத ஒரு ஆள் செய்த அலுப்புக்கு, அதே முகவரியைப் பகிர்கிற நானும் குற்றவாளி.

சான்று கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை, திரித்துவிடாதீர்கள். 2005 இல் ஜோன் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையோடு தொடர்புபட்டவர் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் எவனோ பொய் எழுதி, அது நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. உயிரோடு இருந்த ஒரு மனிதர்! அதற்குப் பிறகுதான் பயனர் கணக்கு இல்லாதவர்கள் அங்கே புதுப் பக்கம் தொடங்குவதை நிறுத்தினார்கள். சரியான வேலை. ஆனால் சீகந்தாலர் கதைக்குப் போட்ட பூட்டைக் கரும்பு விற்ற கதைக்கும் போடுகிறவரிடம் என்ன சொல்வது? கரும்பு விற்றதால் யாருடைய மானம் போகிறது?

குறிப்பிடத்தக்கமை என்ற இன்னொரு பூதம் இருக்கிறது, தனிப் பக்கம் போடும் அளவுக்கு ஆள் முக்கியமானவரா என்று பார்க்கிற விதி. 2018 ஒக்டோபரில் டொனா ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நொபெல் அறிவித்தபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கமே இல்லை. அதே ஆண்டு மே மாதம் யாரோ ஒருவர் வரைவு எழுதிக் கொடுத்திருந்தார். காட்டிய மூலங்கள் போதாது என்று அது திரும்பி வந்தது. நொபெல் எடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் நாடகம் போட்டவரின் பெயரைக் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்துவிட்டு அந்த வரைவை மணல்தொட்டியிலேயே, அதாவது எழுதிப் பழகுகிற சொந்தப் பக்கத்திலேயே, வைத்திருக்கிறேன்.

இதைவிடக் கடுப்பு என்ன தெரியுமா? நான் கொடுத்த அச்சுச் சான்று செல்லாது. ஆனால் அதே பக்கத்தில் ஒரு சுற்றுலா விளம்பரத் தளத்தின் இணைப்பு சான்றாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். கலைக்களஞ்சியப் பக்கத்தில் இருந்த பழைய வரிகளையே அச்சொட்டாக எடுத்துப் போட்டு, கீழே வான் வாடகைக்கு என்று நம்பர் கொடுத்திருக்கிறான். பக்கம் தளத்தைக் காட்டுகிறது, தளம் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறது. அதை யாரும் நீக்கவில்லை. ஏனென்றால் அதைத் தட்டினால் திறக்கிறது.

விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளான ஐந்து தூண்களில் கடைசித் தூண் என்ன சொல்கிறது என்று இவர்களுக்கு ஞாபகமிருக்கிறதா? இங்கே கல்லில் செதுக்கிய விதிகள் கிடையாது என்கிறது. துணிந்து தொகு என்கிறது ஒரு வழிகாட்டல். எதிராளி நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள் என்கிறது இன்னொன்று. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்றே தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது. கடி வாங்கியவன் நான் அதைத் தேடிப் படித்திருக்கிறேன், கடித்தவர் படித்த மாதிரித் தெரியவில்லை. ஆங்கிலப் பதிப்பில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் தொகை 2007 இல் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தையும் கண்டபடி மீளமைத்து விரட்டியது. அவ்வளவு பெரிய பதிப்புக்கே அது இடி. 2003 இல் தொடங்கி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களின் உழைப்பால் 2017 இல் ஒரு இலட்சம் கட்டுரையைத் தாண்டிய தமிழ்ப் பதிப்பு போன்ற இடத்தில், வருகிற ஒவ்வொரு ஆளையும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாமா? இரவு பகலாகக் குப்பை அள்ளுகிறவர்களுக்கு அலுப்பு இருக்கும், அதை மறுக்கவில்லை. அலுப்பில் அடிப்பதற்கு நான்தானா கிடைத்தேன்?

பந்தியைத் திரும்பப் போட்டிருக்கிறேன். இந்த முறை, விதியின் எந்தப் பிரிவு என் பக்கம் நிற்கிறது என்பதையும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மலர் என் மேசையில்தான் இருக்கிறது. சந்தேகம் என்றால் கேளுங்கள், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். கொழும்பில் இருக்கிறவர் என்றால் வெள்ளவத்தைக்கு வாருங்கள், நேரிலேயே காட்டுகிறேன். அதற்குப் பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்றால் நீக்குங்கள். ஆனால் அந்தப் பெட்டியை ஒட்டாமல், ஏன் என்று சொந்தக் கையால் இரண்டு வரி எழுதிவிட்டு நீக்குங்கள்.