பன்றிக் கொழுப்பு இறைச்சி இல்லையாம்!

"பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போடுவோம், ஆனால் இறைச்சி எதுவும் இல்லையே" என்கிறார் அந்த மெக்சிகன் உணவகத்தின் மேனேஜர். எங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். அம்மா அதற்குள் அந்த பீன்ஸில் பாதியைச் சாப்பிட்டு முடித்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வள்ளலார் வழியில் வந்த குடும்பம், வாழ்நாளில் புலால் தொட்டதில்லை, உடம்பு முடியாத வருடங்களில்கூடத் தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வருபவர். அவர் வாய்க்குள் பன்றிக் கொழுப்பு போய்விட்டது. நான் விசாரிக்காமல் இருந்ததால் இல்லை. கேட்டேன். திரும்பக் கேட்டேன். சமையலறையில் போய்க் கேட்டு வரச் சொல்லியும் கேட்டேன்.

எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. ஹூஸ்டனில் தெருவுக்குத் தெரு அப்படி ஒன்று இருக்கிறது. கூரையில் வண்ணக் காகிதத் தோரணம், உட்கார்ந்த உடனே வந்து விழும் சிப்ஸும் சல்சாவும், பக்கத்து மேஜைக்குப் புகையும் சத்தமுமாகப் போகும் ஃபஹீட்டா என்கிற இறைச்சி வதக்கல் தட்டு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நாம் எல்லோரும் அங்கேதான் கூட்டிப் போகிறோம். வேறு எங்கே போவது? மிளகாய் இருக்கிறது, சீரகம் இருக்கிறது, கொத்தமல்லித் தழை, எலுமிச்சம்பழம், சுடச்சுட ரொட்டி எல்லாம் இருக்கிறது. அந்த மிளகாயே அவர்கள் பக்கத்து மண்ணில் விளைந்து, போர்ச்சுகீசியர் கப்பல் வழியாக நம் அம்மிக்கு வந்ததுதானே. "நாக்குக்கு உறைப்பா ஏதாவது வேணும்டி" என்று அம்மா சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இடம்தான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மெனுவில் ஒரு பெட்டி போட்டு, பச்சை எழுத்தில் 'வெஜிடேரியன்' என்று தலைப்பு. அதன் கீழே சீஸ் என்சிலாடா (ரொட்டிக்குள் சீஸைச் சுருட்டி மேலே குழம்பு ஊற்றியது), அரிசிச் சோறு, ரீஃப்ரைடு பீன்ஸ் (வேகவைத்து மசித்து வதக்கியது). நான் அந்தத் தலைப்பை நம்பிச் சும்மா இருக்கவில்லை. இந்த ஊரில் இத்தனை காலம் இருந்துவிட்டு எப்படி நம்புவது? பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள் என்று தெரியும். அந்தச் சிவப்புச் சோற்றைக் கோழிச் சாறு விட்டோ, கோழி மசாலாக் கட்டி கரைத்தோதான் பெரும்பாலும் வேகவைப்பார்கள் என்று தெரியும். அவர்கள் ரொட்டியான டோர்ட்டியாவைக் கோதுமையில் செய்தால் அந்த மாவிலேயே கொழுப்பு பிசைந்திருக்கலாம். சோளமாவில் பொதிந்து அவிக்கும் தமாலேக்குள் வெறும் சீஸும் மிளகாயும்தான் என்றாலும், மேலே இருக்கிற மாவு கொழுப்பில் அடித்த மாவாக இருக்கும். சார்ரோ பீன்ஸ் என்கிற பீன்ஸ் குழம்பு என்றால் பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சி, நிச்சயம். வெஜ் ஃபஹீட்டாவின் குடமிளகாய் மாட்டிறைச்சி வெந்த அதே கல்லில் புரண்டு வரும். எல்லாவற்றையும்விட மோசம் இந்த டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகன், சீஸ் என்சிலாடா. உள்ளே சீஸ் மட்டும்தான், ஆனால் மேலே ஊற்றும் பழுப்புக் குழம்பு பல கடைகளில் மாட்டிறைச்சி போட்ட சில்லி குழம்பு. உங்களுக்கும் இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். நாம் யாரும் பட்டுத் தெரியாதவர்கள் இல்லை.

அதனால்தான் சர்வர் பையன் வந்ததும் மெனுவை மூடி வைத்துவிட்டு அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா?" இல்லை என்றான். "சோற்றில் கோழிச் சாறு?" இல்லை. "என்சிலாடா மேலே ஊற்றுகிற குழம்பில் இறைச்சி?" இல்லை, இல்லை, எல்லாம் வெஜிடேரியன்தான். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த வேகத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. யோசித்துச் சொல்கிறவன் ஒரு நொடியாவது தயங்குவான். "உள்ளே சமைக்கிறவரிடம் ஒருமுறை கேட்டு வந்து சொல்லேன், என் அம்மாவுக்கு இது ரொம்ப முக்கியம்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனான்.

எங்கள் மேஜையிலிருந்து சமையலறைக் கதவு நன்றாகத் தெரியும். அவன் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. குளிர்பான மெஷின் வரை போனான். அங்கே நின்றான். இன்னொரு மேஜைக்கு இரண்டு தம்ளரில் ஐஸ் நிரப்பினான். கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஏதோ பேசிச் சிரித்தான். போனை எடுத்துப் பார்த்தான். கதவு திறந்தது, ஒருவர் தட்டோடு வெளியே வந்தார். அவரிடமாவது கேட்பான் என்று பார்த்தேன், ஒதுங்கி வழிவிட்டான். திரும்பி எங்களிடம் வந்தான். "கேட்டுவிட்டேன், எல்லாம் ஓகே" என்றான். என் கண் முன்னால் நடந்தது இது! போகாத சமையலறைக்குப் போனதாகவும், கேட்காத ஆளிடம் கேட்டதாகவும் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

"நீ உள்ளேயே போகலையே, தம்பி" என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் காலை மிதித்தார். கூட வந்திருந்த நண்பர் குடும்பம் இருக்கிறதாம், பெரிசு பண்ண வேண்டாமாம். "விடேன், ஒவ்வொரு இடத்திலும் வந்து சிபிஐ விசாரணை நடத்துறே" என்றார் அந்த நண்பர். அவர் கோழி, ஆடு, மாடு எல்லாம் சாப்பிடுகிறவர். சாப்பிடட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தன் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்து சாப்பிடும் உரிமை அவருக்கு இருக்கிறது. என் அம்மாவுக்கு மட்டும் அது அதிகப்படியா?

தட்டு வந்தது. அம்மா முதலில் பீன்ஸை எடுத்தார். "நல்லா மசிச்சிருக்காங்க, என்னமோ ஒரு வாசனை தூக்கலா இருக்கே" என்றார். எனக்கு அந்த நொடியே வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் என் மகன் என்சிலாடாவை முள்கரண்டியால் விலக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மாட்டிறைச்சி" என்றான். குழம்பில் பொடிப் பொடியாகக் கிடக்கிறது. ஒளித்துகூட வைக்கவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் பேசியதைக் கேட்டால் உங்களுக்கும் கொதிக்கும். குழம்பா, அது வழக்கமாக அப்படித்தான், வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னேனே ஐயா! பீன்ஸைப் பற்றிக் கேட்டேன். பன்றிக் கொழுப்பு உண்டு, அதுதான் எங்கள் பாரம்பரியம், அது இல்லாமல் ருசி ஏது என்றார். அப்புறம்தான் அந்த "இறைச்சி இல்லையே". மேலே இருக்கிற குழம்பை வழித்து எடுத்துவிட்டுக் கொண்டு வரட்டுமா என்றும் கேட்டார். நான் பேச்சற்றுப் போய் நின்றேன். கடைசியில், எங்களைச் சமாதானப்படுத்த இலவசமாக ஒரு ஃப்ளான் அனுப்பினார். ஃப்ளான் என்றால் முட்டையும் பாலும் சேர்த்துச் செய்வது. அம்மா முட்டையும் தொடமாட்டார். அதையும் யாரும் கேட்கவில்லை.

பாரம்பரியம் என்றாரே, அதற்கு வருகிறேன். 1519-இல் ஸ்பானியர்கள் வந்து இறங்கும் வரை மெக்சிகோவில் வளர்ப்புப் பன்றியே கிடையாது. மாடும் கிடையாது. அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான வருடங்கள் அந்த மக்கள் சோளமும் பீன்ஸும் பூசணியும் மிளகாயும் விளைவித்துச் சாப்பிட்டார்கள். பீன்ஸைப் பானையில் வேகவைத்துத்தான் தின்றார்கள். இன்றைக்கும் எத்தனையோ மெக்சிகோ வீடுகளில் பானை பீன்ஸ் என்றால் வெங்காயம், உப்பு, எபசோட்டே என்கிற தழை, அவ்வளவுதான். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டுகிறார்களே, அந்த டோர்ட்டியாவில் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு தவிர வேறொன்றும் தேவையில்லை. அந்தச் சுண்ணாம்பில் எவ்வளவு அறிவு இருக்கிறது தெரியுமா? சோளத்தில் இருக்கிற நியாசின் சத்து உடம்பில் சேர்வதே அதனால்தான். அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு வெறும் சோளமாவை நம்பி வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சப்பாத்திக்கள்ளியின் மடலைச் சுட்டுச் சமைப்பார்கள், பூசணிப்பூவைச் சமைப்பார்கள், பொப்ளானோ மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக் கிரீமில் போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு வாரி வழங்குகிற சமையல் உலகத்தில் எத்தனை இருக்கிறது? அதை மதிப்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். பன்றிக் கொழுப்பும் ஐந்நூறு வருட வழக்கம்தான், தாராளமாகப் போடுங்கள். போட்டதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்ல முடியாதா என்ன? எங்கள் பக்கத்தில் ஒரு டாக்கோ வண்டி நிற்கும். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. "மான்டேகா?" (பன்றிக் கொழுப்பா?) என்று பீன்ஸைக் காட்டிக் கேட்டால் "ஸி, ஸி" என்று தலையாட்டி, வேண்டாம் என்று கையால் தடுப்பார். கல்லின் ஒரு ஓரத்தைச் சுரண்டித் துடைத்து, சோள டோர்ட்டியாவில் சீஸும் கள்ளி மடலும் வைத்துக் கொடுப்பார். எனக்கு விற்கிற ஒரு டாக்கோவில் என்ன லாபம் அவருக்கு? ஆனாலும் சொல்கிறார். குளிர்சாதனம் போட்டு, மெனுவில் பச்சை எழுத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கிறவர்களால் முடியவில்லை.

கடையில் பீன்ஸ் டப்பா வாங்கினால் பின்னால் திருப்பிப் பார்க்கலாம். கொழுப்பு சேர்த்திருந்தால் உட்பொருள் பட்டியலில் எழுதியிருக்கும். ஊரிலோ பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளியே போட்டுவிடுகிறார்கள். உணவகத்துத் தட்டுக்குப் பின்பக்கம் கிடையாது. நமக்கு இருப்பது சர்வரின் வாய்ச்சொல் ஒன்றுதான். அதுவும் பொய் என்றால் நாம் என்ன செய்வது? பன்றி தொடாத என் முஸ்லிம் தோழி இதே பீன்ஸ் விவகாரத்தில் எவ்வளவு அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறவர்களுக்கு மெக்டொனால்ட்ஸ் கதை ஞாபகம் இருக்கட்டும். 1990-இல் இனி தாவர எண்ணெயில்தான் பொரிப்போம் என்று அறிவித்தார்கள். ஆனால் அமெரிக்காவில் விற்ற அந்த உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி இருந்தது. 2001-இல் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். விஷயம் இல்லாமலா அவ்வளவு பெரிய நிறுவனம் பணிந்தது?

அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தார். "விடும்மா, அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, விளக்கேற்றி அகவல் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் விடுவார். நான் விடமாட்டேன். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். வெறும் சிப்ஸும் குவாக்கமோலே என்கிற வெண்ணெய்ப்பழ மசியலும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்திருப்பேன்.

அந்தப் பையனையும் முழுதாகத் திட்ட முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து ஒரு பைசா ஏறவில்லை, டெக்சாஸிலும் அதே தொகைதான். சமையலறைக்கு நடந்து போகிற நேரத்தில் இன்னொரு மேஜையைப் பார்த்தால் அவனுக்கு நாலு காசு. பீன்ஸில் என்ன போடுகிறோம் என்று முதலாளி அவனுக்குச் சொல்லித் தரவில்லை, ஒழுங்காகக் கூலியும் தரவில்லை. அந்தக் கூலியையும் நம் தலையில் கட்டிவிட்டார். அதற்குத்தான் பணம் கட்டும் அந்த கார்டு மெஷின். தொடாத என்சிலாடாவை பில்லிலிருந்து எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மெஷினை நீட்டுகிறார்கள். டிப்ஸுக்குப் பெரிய பெரிய பொத்தானாக 20, 22, 25 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சதவீதம் சாப்பாட்டு விலைக்கு இல்லை, 8.25 சதவீத வரியையும் சேர்த்த மொத்தத்துக்கு! வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அதற்கு எதற்கு ஐயா டிப்ஸ்? 'வேறு தொகை' என்கிற பொத்தானை மட்டும் ஏன் கீழ் மூலையில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் வைத்திருக்கிறீர்கள்?