மெர்க்கிளை மரமண்டை என்று சொல்லாதீர்கள்

விளையாட்டு உலகின் மாபெரும் முட்டாள்தனங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஃபிரெட் மெர்க்கிளின் பெயர் அதில் வந்துவிடுகிறது. நேற்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். வயிறு எரிந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்னும் அந்த மனிதரை விடமாட்டேன் என்கிறார்கள். அவர் செய்த தவறு என்ன, அதைத் தவறு என்றே சொல்லலாமா என்று நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

1908 செப்டம்பர் 23. நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் சிகாகோ கப்ஸ் அணியும் மோதுகின்றன. அந்த ஆண்டு இந்த இரண்டு அணிகளோடு பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் சேர்ந்து, மூன்றும் முதலிடத்துக்காக மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தன. ஜயன்ட்ஸுக்குப் பந்து வீசியவர் கிறிஸ்டி மேத்யூசன். பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1905இல், ஆறே நாட்களில் மூன்று ஆட்டங்கள் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் மூன்றையும் வென்றவர். 1908இல் மட்டும் 37 வெற்றிகள்.

ஜயன்ட்ஸ் அணியில் வழக்கமாக முதல் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நிற்கும் ஃபிரெட் டென்னிக்கு அன்று முதுகுவலி. அதனால்தான் மெர்க்கிளுக்கு இடம் கிடைத்தது. வயது 19. அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸின் பிற்பாதி. ஆளுக்கு ஒரு ரன். ஜயன்ட்ஸ் மட்டை பிடிக்கிறது, இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். முதல் பேஸில் ஜயன்ட்ஸின் மெக்கார்மிக். இந்த நெருக்கடியில்தான் மெர்க்கிள் வலப்பக்கம் அடித்து, மெக்கார்மிக்கை மூன்றாவது பேஸுக்கு அனுப்பிவிட்டுத் தானும் முதல் பேஸை அடைந்தார். வெற்றிக்கு வழி திறந்ததே அவருடைய அடிதான். பட்டியல் போடுபவர்கள் இதை ஏன் சொல்வதே இல்லை?

அடுத்து வந்த அல் பிரிட்வெல், நடுக்களத்தை நோக்கி அடித்தார். பந்து தன்மேல் படாமலிருக்க நடுவர் பாப் எம்ஸ்லி தரையில் விழ வேண்டியிருந்தது. மெக்கார்மிக் ஓடி வந்து கடைசி இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டார். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

இப்போது மெர்க்கிளைப் பாருங்கள். முதல் பேஸிலிருந்து இரண்டாவதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். நாலாபுறமும் ஜனங்கள். வீரர்களின் உடைமாற்றும் அறை இருப்பதோ நடுக்களத்துக்கு அப்பால். கூட்டத்தில் சிக்காமல் அங்கே போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் திரும்பி ஓடினார். இரண்டாவது பேஸைத் தொடவில்லை. குற்றம் இவ்வளவுதான்.

விதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டையாளர் பந்தை அடித்து அது தரையில் விழுந்துவிட்டால் அவர் முதல் பேஸுக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே அங்கே இருப்பவர் அவருக்கு இடம் விட்டு இரண்டாவதுக்குப் போயாக வேண்டும். அவர் போய்ச் சேருவதற்குள் எதிரணியினர் பந்தோடு இரண்டாவது பேஸைத் தொட்டால் அவர் அவுட். அதுவே மூன்றாவது அவுட்டாக இருந்தால், முன்பே எடுத்த ரன்னும் செல்லாது.

கப்ஸின் ஜானி எவர்ஸ் இதைக் கவனித்தார். பந்தைக் கொடு என்று கத்தினார். வந்த பந்தை, மூன்றாவது பேஸ் பக்கம் நின்ற ஜயன்ட்ஸ் அணியின் மெக்கினிட்டி பறித்துக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. எப்படியோ ஒரு பந்து எவர்ஸின் கைக்கு வந்தது. பேஸின்மேல் ஏறி நின்றார். அது ஆட்டத்தில் இருந்த அதே பந்துதானா என்ற சண்டை இன்றுவரை தீரவில்லை. நடுவர் ஹேங்க் ஓ'டே, மெர்க்கிள் அவுட், ரன் செல்லாது என்றார். மைதானம் முழுக்கக் கூட்டம், இருட்டும் கவிகிறது. ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது.

ஓ'டேயின் தீர்ப்பு புத்தகப்படி சரி. நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் 19 நாட்களுக்கு முன், செப்டம்பர் 4ஆம் தேதி, பிட்ஸ்பர்கில் இதே காட்சி அப்படியே நடந்திருந்தது. பைரேட்ஸின் வாரன் கில் இதேபோல் இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பினார். இதே எவர்ஸ் முறையிட்டார். நடுவரும் இதே ஓ'டேதான். அன்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பைரேட்ஸின் வெற்றி செல்லும் என்றார். கப்ஸ் கொடுத்த புகாரும் தள்ளுபடியானது.

அதாவது, வெற்றி ரன் வந்தபின் பேஸைத் தொடாமல் திரும்புவது அன்றைய வீரர்களின் நடைமுறை. மெர்க்கிளைவிட அனுபவம் மிக்கவர்களும் அதைத்தான் செய்தார்கள். எழுதியிருக்கும் விதியைத் தூசி தட்டி எடுத்து இனிமேல் அமல்படுத்தப் போகிறோம் என்றால், எல்லா அணிகளையும் கூப்பிட்டு முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், ஒரு சிறுவனின் தலையில் கொண்டுபோய் இறக்கினார்கள். என் கோபமெல்லாம் இங்கேதான்.

பத்திரிகைகள் அவருக்கு ‘போன்ஹெட்’ என்று பெயர் சூட்டின. நம் மொழியில் மரமண்டை. அவரால்தான் கோப்பை போயிற்று என்றார்கள். போயிற்றா? அந்த ஆட்டத்துக்குப் பிறகும் ஜயன்ட்ஸுக்கு ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. பிலடெல்பியாவின் ஹாரி கோவலெஸ்கி என்ற 22 வயதுப் புதுமுகப் பந்துவீச்சாளர் ஐந்தே நாட்களில் ஜயன்ட்ஸை மூன்று முறை தோற்கடித்தார். அவற்றில் ஒன்றை வென்றிருந்தால்கூட மெர்க்கிளின் பெயரை இன்று யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று தோல்விகளுக்கு யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லையே.

கடைசியில் ஜயன்ட்ஸும் கப்ஸும் சமமாக நின்றதால், அக்டோபர் 8ஆம் தேதி போலோ கிரவுண்ட்ஸில் மறுபடி ஆடினார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் அருகிலிருந்த மேம்பால ரயில்பாதையில் ஏறி நின்று பார்த்தார்கள். அன்று முதல் பேஸில் நின்றவர் டென்னி. முதல் இன்னிங்ஸிலேயே களமிறக்கப்பட்ட கப்ஸின் மார்டகாய் பிரவுன், சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் விரலை இழந்தவர், பந்தை வளைத்து வளைத்து வீசினார். மேத்யூசன் தோற்றார். கப்ஸுக்கு நான்கு, ஜயன்ட்ஸுக்கு இரண்டு. கப்ஸ் அணி உலகத் தொடரையும் வென்றது. அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தது.

ஜயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா முன்கோபத்துக்குப் பேர்போனவர். அவரே மெர்க்கிளைக் குறை சொல்லவில்லை. அணியில் வைத்துக்கொண்டதோடு சம்பளத்தையும் உயர்த்தினார். நிற்கவைத்து ஆளாக்கினார் என்பேன். ஜயன்ட்ஸ், புரூக்ளின், கப்ஸ் என மூன்று அணிகளுக்காக ஐந்து உலகத் தொடர்களில் மெர்க்கிள் ஆடினார். மரமண்டைக்கு இது கூடுமா?

ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. ஆட்டத்தை விட்டு ஃபுளோரிடாவுக்குப் போன பிறகும் துரத்தியது. ஒருநாள் தேவாலயத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர், தான் அந்த மரமண்டை மெர்க்கிளின் ஊரான டொலிடோவைச் சேர்ந்தவன் என்று சிரித்தபடி தொடங்கினாராம். மெர்க்கிள் குடும்பத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார். இதைப் பிற்காலத்தில் சொன்னது அவருடைய மகள். அந்தக் குழந்தைகள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த வெற்றி அடியை அடித்த பிரிட்வெல்கூட, தான் அன்று அடிக்காமலே அவுட்டாகியிருக்கலாம் என்று முதுமையில் வருந்தினார். அந்தப் பையன் இத்தனை அனுபவித்திருக்க வேண்டாமே என்பதற்காக.

பல ஆண்டுகள் மெர்க்கிள் அந்த மைதானத்தின் பக்கமே வரவில்லை. 1950இல், பழைய வீரர்களுக்கான ஆட்டத்துக்கு ஜயன்ட்ஸ் அழைத்தபோதுதான் சம்மதித்தார். 61 வயதில் போலோ கிரவுண்ட்ஸ் புல்தரைக்கு வந்து நின்றார். பெயரை அறிவித்ததும் மைதானம் கைதட்டியது.