ஏற்காட்டிலேயே நடக்கக்கூடிய கதை

கூச்ச சுபாவமுள்ள வாரிசுப் பெண்ணும் முகத்தில் தழும்புள்ள சிப்பாயும் காதலிக்கும் சரித்திரக் கதை இங்கிலாந்துக்குத்தான் பொருந்தும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 1919 ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காப்பி, அதற்குள் மலையெங்கும் தோட்டமாகிவிட்டது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) போரிட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் வீரர்கள் ஊர் திரும்பும் நேரம். அப்புறம் சொத்து. அன்றைய சட்டப்படி, பாகம் பிரிந்த, மகன் இல்லாத இந்துக் குடும்பத்தில் தந்தையின் சொத்து தாய்க்குப் பின் மகளுக்கு வந்தது. ஆனால் ஆயுள் வரை அனுபவிக்க முடிந்ததே தவிர, இஷ்டப்படி விற்க முடியவில்லை. அவள் காலத்துக்குப் பிறகு யாருக்கு என்று கணக்குப் போடும் பங்காளிகள் சூழ்ந்திருக்க, அந்தப் பெண் வாய் திறக்கத் தயங்குவது எவ்வளவு இயல்பு! அவனுடைய தழும்பைவிட அவளுடைய இந்தப் பயம்தான் கதைக்கு உயிர். சேலத்து எழுத்தாளர் யாராவது இதை எழுத வேண்டும்.