வெள்ளை அட்டையைக் கும்பிடுறவங்களுக்கு

நேத்து நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. டயமண்ட் ஹெட்ங்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டோட முதல் ஆல்பம், 1980ல வெறும் வெள்ளை அட்டையில வந்த ஒரிஜினல் இசைத்தட்டு, தன்கிட்ட இருக்குன்னு அண்ணன் ஒருத்தர் படம் போட்டார். சந்தோஷம். "இதுவரைக்கும் முள்ளே படாத பிளேட்டு"ன்னு பெருமை வேற. கீழே வந்தவங்க எல்லாம் கையெழுத்து யாருது, என்ன விலை போகும்னுதான் கேட்டாங்க. பாட்டைப் பத்தி மூச்சே இல்லை. "சவுண்டு எப்படிண்ணா இருக்கு?"ன்னு கேட்டது நான் மட்டும்தான். "யூடியூப் ரசிகர்களுக்கு இதெல்லாம் புரியாது தம்பி"ன்னு பதில். அதுக்கு வரிசையா சிரிப்புப் பொம்மை.

சரி, புரியலைன்னே வச்சுக்குவோம்.

அந்த அட்டை வெள்ளையா இருக்கக் காரணம் கலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஸ்டவர்பிரிட்ஜ்ங்கிற ஊர்க்காரப் பசங்க, இந்த பேண்டு நாலு பேரை எந்தப் பெரிய கம்பெனியும் சீந்தலை. பாடகர் ஷான் ஹாரிஸோட அம்மாவே மேனேஜர்ல ஒருத்தர். 'ஹேப்பி ஃபேஸ்'னு ஒரு சின்ன லேபிள்ல 1000 காப்பி அடிச்சாங்க. அட்டையில பேரும் கிடையாது, பாட்டு லிஸ்டும் கிடையாது. நாலு பேர்ல ஒருத்தர் பேனாவால கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கச்சேரியில வித்தாங்க, 'சவுண்ட்ஸ்' பத்திரிகையில விளம்பரம் கொடுத்துத் தபால்ல வித்தாங்க, மூணரை பவுண்டு. யாராவது கேட்டுட மாட்டாங்களாங்கிற தவிப்புல அடிச்ச பிளேட்டு சார் அது. கேக்கறதுக்கு!

கேட்டான் ஒருத்தன். லார்ஸ் உல்ரிக். 1981ல, பதினேழு வயசுல, இவங்களைப் பார்க்கவே இங்கிலாந்துக்குப் பறந்து வந்து, கிட்டார் வாசிக்கிற பிரையன் டேட்லர் வீட்டுல தங்கினான். அதே வருஷம் அவன் டிரம்ஸ் வாசிக்கிற மெட்டாலிகா பேண்டு ஆரம்பம். இந்த ஆல்பத்துல இருக்கிற 7 பாட்டுல 4 பாட்டை மெட்டாலிகா பதிவு செஞ்சிருக்கு. அவனும் பிளேட்டைப் பீரோவுல பூட்டி வச்சிருந்தா?

எனக்கு இந்தப் பாட்டெல்லாம் வந்து சேர்ந்ததே மெட்டாலிகா வழியா, ஹாஸ்டல் சீனியர் காப்பி பண்ணிக் கொடுத்த கேசட்டுல. அந்த நாலுல ஒண்ணான 'ஆம் ஐ ஈவில்' பாட்டுல கிட்டார் சோலோ உச்சத்துக்குப் போகும்போது ஏ சைடு தீர்ந்து 'டொக்'குனு பட்டன் எகிறும். அந்த அரைப்பாட்டையே மனப்பாடமா வச்சிருந்தோம். நாங்க ரசிகர்கள் இல்லையாம்.

"அவர் காசு, அவர் பிளேட்டு, உனக்கென்ன?" ஒண்ணும் இல்லை. தாராளமா வச்சுக்கட்டும்.

"ஓட்டினா தேயும்ல?" இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. மாஸ்டர் டேப் ஜெர்மன் கம்பெனிக்குப் போய்த் தொலைஞ்ச கதை தெரிஞ்சவங்க நல்ல பிளேட்டைப் பத்திரப்படுத்தத்தான் செய்வாங்க. ஆனா நல்ல முள்ளு போட்டு ஒரே ஒரு தடவை ஓட்டினா என்ன தேஞ்சிடும்?

"பொறாமை." இருந்துட்டுப் போகட்டுமே. பொறாமைப்படறவன் சொன்னா மூணரை பவுண்டு முப்பது பவுண்டாயிடுமா?

அப்புறம் இந்த 'தம்பி'. எனக்கு நாற்பது தாண்டியாச்சு. அவர் கேசட் தேடி அலைஞ்ச காலத்துல என்கிட்ட இருந்ததையெல்லாம் காப்பி பண்ணிக் கொடுத்தவன் நான். அப்ப தம்பி தேவைப்பட்டான்.

இன்னொண்ணு. அந்த வெள்ளை அட்டை எத்தனை கை மாறினாலும் பேண்டுக்கு ஒத்தப் பைசா போகாது. அவங்களுக்கு ராயல்டி கொண்டுவந்தது மெட்டாலிகா வாசிச்ச பாட்டுங்கதான். காசு இருந்தா, 2020ல அவங்களே இந்த ஆல்பம் முழுசையும் மறுபடி வாசிச்சு வெளியிட்டாங்களே, அதை வாங்குங்க. லைக்கு விழாது, அதான் பிரச்சினை.

"நீ ஒரு பிளேட்டாவது வாங்கியிருக்கியா"ன்னு கேட்டுக்கிட்டு கமெண்டுக்கு வர்றவங்களை பிளாக் பண்ணுவேன். இப்பவே சொல்லிட்டேன்.