ஸ்டீன்விக் பச்சோந்தி இல்லை

நேற்று ஒரு நேரலையில், டச்சு ஆட்சியிலும் ஆங்கிலேய ஆட்சியிலும் மாறி மாறிப் பதவி வகித்த 17ஆம் நூற்றாண்டு நியூயார்க் வியாபாரி கொர்னேலிஸ் ஸ்டீன்விக்கைப் பச்சோந்தி என்று சொல்லிச் சிரித்ததையும், மறுத்துக் கேட்ட என்னை அங்கே போட்டு வறுத்தெடுத்ததையும் பார்த்திருப்பீர்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

மனிதர் நெதர்லாந்தின் ஹார்லெமிலிருந்து, அப்போது டச்சுக்காரர்களின் குடியேற்ற நகரமாக இருந்த நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு (இன்றைய நியூயார்க்) வந்து வியாபாரத்தில் வளர்ந்தவர். 1664இல் நகரத்தின் இரண்டு பர்கோமாஸ்டர்களில் ஒருவர், ஏறக்குறைய மேயர் மாதிரி. ஆங்கிலேயக் கப்பல்கள் துறைமுகத்தை மறித்து நிற்கின்றன, கோட்டையில் வெடிமருந்து போதாது, ஊரில் சுமார் 1,500 பேர். சமாதானமாகப் போகச் சொல்லி வந்த கடிதத்தை ஆளுநர் ஸ்டைவசன்ட் ஊராருக்குக் காட்டாமல் கிழித்துப் போட்டுவிட்டார். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது! அப்புறம் பேசப்போன ஆறு டச்சுக்காரர்களில் ஸ்டீன்விக்கும் ஒருவர். சொத்து, வாரிசு முறை, வழிபாடு எல்லாவற்றுக்கும் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகுதான் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்து. இதில் பச்சோந்தித்தனம் எங்கே இருக்கிறது?

ஆங்கிலேயர் கொடுத்த மேயர் பதவியில் 1668இல் உட்காரவில்லையா, 1673இல் டச்சுப் படை திரும்பியதும் அவர்களுடைய ஆலோசனைக் குழுவில் சேரவில்லையா என்கிறீர்கள். ஆமாம், இரண்டும் நடந்தன. ஊரை நடத்த ஆள் வேண்டாமா? பச்சோந்தி என்றால் 1675இல் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, அவர்களுடைய ஆளுநர் ஆண்ட்ரோஸ் விசுவாசப் பிரமாணம் கேட்டபோது, 1664 உடன்படிக்கையின் உரிமைகளை முதலில் உறுதிசெய்யுங்கள் என்று நின்ற எட்டு டச்சுக்காரர்களில் இவரும் ஒருவர். வழக்குப் போட்டார்கள், சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு. கடைசியில் பணிந்தார், சரி. ஆனால் நின்று பார்த்துவிட்டுத்தானே பணிந்தார்!

என் தாய்மாமா பேரூராட்சித் தலைவராக இருந்தவர். சாலை விரிவாக்கத்தில் கடைகள் போவது உறுதி என்றானதும், இழப்பீட்டையாவது கூட்டி வாங்குவோம் என்று அலைந்து கையெழுத்துப் போட்டார். விலை போய்விட்டான் என்று எங்கள் வீட்டுச் சுவரிலேயே கரியால் எழுதினார்கள். கூட்டி வாங்கிய பணத்தை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடிமைகளை வைத்திருந்தவனுக்கு வக்காலத்தா என்று ஒருவர் கேட்டிருந்தார். வைத்திருந்தார், அதை நான் மறைக்கவே இல்லை. அவர் வாங்கித்தந்த உறுதியில் அந்த ஊரின் கறுப்பின அடிமைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் நேரலையில் அடிமைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள், என் வாயை அடைக்க மட்டும் அவர்களை இழுக்காதீர்கள். வெள்ளைக்காரனுக்குப் பல்லக்குத் தூக்குகிறேனாம். பல வருஷம் கூடவே படித்த நண்பர்களும் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். வலித்தது. 1675 வழக்கைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கீழே பதில் சொல்கிறேன்.